கோலகங்சாரின் ஒன்பது கன்றுகள்

நெல்லின் இளமையை நாற்று என்பது தமிழ் வழக்கு. மாவும் புளியும் இளமையில் கன்று எனப் பெயர் பெறும். தென்னை பிள்ளையாகும், பனை வடலியாகும். ஒரே பருவத்தைச் சுட்டப் பல சொற்கள் இருப்பது மொழியின் வளத்தை மட்டும் காட்டுவதன்று. அச்சொற்களை ஆண்ட மக்களின் உள்ளப் பாங்கையும் காட்டும். மக்களுக்கு வழங்கும் பிள்ளை என்னும் சொல்லையும், ஆவுக்கு வழங்கும் கன்று என்னும் சொல்லையும் ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் வழங்கலாம் எனத் தொல்காப்பிய மரபியல் இசைவளித்தது. இளம்பயிரும் பிள்ளையைப் போலவே பிறரால் பேணி வளர்க்கப்பட வேண்டியது என்னும் எண்ணம் இவ்வழக்கினுள் அடங்கியிருக்கிறது.

பேராக் மாநிலத்தின் ரப்பர் வரலாற்றைப் படிப்போர்க்கு இவ்வெண்ணம் நல்லதொரு வழிகாட்டியாகும். விதையைக் கடல் கடந்து கொணர்ந்தவர் புகழ் பெற்றார். மரத்துக்கு உரிமை பூண்டவர் செல்வம் பெற்றார். விதைக்கும் மரத்துக்கும் இடையே கன்றைக் காத்தவர் யார் என்னும் வினாவுக்கு நூல்களில் கிடைத்த இடம் மிகச் சிறிது. ஆயினும் அந்த இடைப்பட்ட சில வாரங்களிலும் சில மாதங்களிலும்தான் இவ்வரலாறு பலமுறை அறுந்துபோகும் நிலையை எட்டியது. ரப்பரின் கதை விதை கொணர்ந்த கதை மட்டுமன்று. கன்று வளர்த்த கதையும் ஆகும்.

எழுபதாயிரத்தில் மீந்தவை

ரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. அம்மரத்தை ஆசியாவில் பயிரிட வேண்டும் என்று இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தினரும் இந்திய அரசு அலுவலர்களும் கருதினர். 1873ஆம் ஆண்டில் சுமார் 2,000 விதைகள் கியூவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் முளைத்தவை ஏறத்தாழ ஒரு டசன் மட்டுமே. அவற்றில் 6 கன்றுகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டன. அங்குள்ள தட்பவெப்பம் ஒவ்வாமையால் அவையும் பட்டுப்போயின. முதல் முயற்சி இவ்வாறு முடிந்தது.

இரண்டாம் முயற்சியே உலகறிந்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் தப்பாசோஸ் ஆற்றுப் பகுதியில் சுமார் 70,000 விதைகளைத் திரட்டினார். காட்டில் அலைந்து பொறுக்கியவர்கள் அந்நிலத்துப் பழங்குடி மக்கள். விதைகளைக் காயவைத்த காட்டு வாழை இலைகளுக்கிடையே அடுக்கி, பிரம்பாலான கூடைகளில் இட்டு, காற்றோட்டம் படும்படி கப்பலில் தொங்கவிட்டனர். அவ்வாண்டு ஜூன் மாத நடுவில் விதைகள் கியூவை அடைந்தன. அங்கிருந்த கண்ணாடி வீடுகளை விரைந்து ஒழித்து, மறுநாளே விதைத்தனர். சில நாட்களில் முளைகள் தோன்றலாயின. ஆயினும் இறுதியில் எழுந்த கன்றுகள் 2,700 அளவினவே. நூறு விதைக்கு நான்கு கன்று கூடத் தேறவில்லை.

இவ்வளவு பெரிய இழப்புக்குக் காரணம் யாது? விதையின் இயல்பே காரணம். நெல்லையும் கத்தரி விதையையும் உலர்த்தி வைத்தால் அவற்றின் உயிர் உறங்கிக் கிடக்கும். ஈரம் பட்டதும் விழிக்கும். ரப்பர் விதை அத்தகையதன்று. எண்ணெய்ப் பசை மிகுந்த அதன் பருப்பு, ஈரத்தை இழந்தால் உயிரையும் இழந்துவிடும். மரத்திலிருந்து விழுந்த சில வாரங்களுக்குள் அது மண்ணைச் சேர வேண்டும். உலர்த்தினால் நிலைக்கும் விதை, உலர்த்தினால் சாகும் விதை என்னும் இப்பகுப்பை 1973ஆம் ஆண்டில் ராபர்ட்ஸ் என்னும் அறிஞர் தெளிவாக வகுத்துரைத்தார். பலா, மா, ரப்பர் ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. விக்காமின் காலத்தில் இவ்விளக்கம் இல்லை. விரைவு ஒன்றே அவருக்குத் துணை நின்றது.

கண்ணாடிப் பேழையின் பயணம்

முளைத்த கன்றுகளைக் கியூவில் வைத்துப் பயனில்லை. வெப்ப நாடுகளுக்கு அவற்றை அனுப்ப வேண்டும். அக்காலக் கப்பல் தளத்தில் இளங்கன்றுக்கு இரண்டு பகைகள் இருந்தன: ஒன்று உப்புக் காற்று, மற்றொன்று நன்னீர்ப் பஞ்சம். இவ்விரண்டையும் வெல்லும் வழியை நதானியேல் வார்டு என்னும் இலண்டன் மருத்துவர் முன்னரே கண்டிருந்தார். பூச்சிக்கூடு ஒன்றை வைத்து மூடிய கண்ணாடிப் புட்டியில் தாமாகவே சில செடிகள் முளைத்துத் தழைத்ததை அவர் நோக்கினார். புட்டிக்குள் ஆவியாக எழுந்த நீர் கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணிலேயே இறங்கியது. புறத்தேயிருந்து நீர் ஊற்றத் தேவையில்லை. இதைக் கொண்டு அவர் அமைத்த கண்ணாடிப் பேழைகளில் 1833ஆம் ஆண்டில் செடிகள் ஆஸ்திரேலியா வரை உயிருடன் சென்றன.

அத்தகைய பேழைகள் 38இல் 1,919 ரப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இலங்கைக்குப் புறப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை உயிர் பிழைத்து, கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. கியூவில் விதைத்தபோது நூற்றுக்கு நான்கு கூடத் தேறவில்லை. கடற்பயணத்திலோ பெரும்பகுதி தப்பியது. விதை நிலையில் நேர்ந்த இழப்பைக் கன்று நிலையில் எடுத்துக்கொண்ட பொறுமை ஈடு செய்தது எனலாம்.

அதே ஆண்டில் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட சில கன்றுகளுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. அவை பட்டுப்போன நிலையிலேயே வந்து சேர்ந்தன. 1877ஆம் ஆண்டில் மறுமுறை 22 கன்றுகள் வந்தன. மலாயாவின் எதிர்காலம் அந்த 22 கன்றுகளின் வேரில் தங்கியிருந்தது.

நாற்றுக்காரர் மகன்

சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளரான மர்ட்டன், அவற்றுள் 9 கன்றுகளைப் பேராக் ஆற்றங்கரையிலுள்ள கோலகங்சாருக்குக் கொண்டுவந்தார். பேராக்கின் ஆங்கிலேய ஆலோசகராக அவ்வாண்டுதான் ஹியூ லோ பொறுப்பேற்றிருந்தார். அவருடைய இல்லத் தோட்டத்தில் அக்கன்றுகள் நடப்பட்டன.

லோவின் ஆட்சித் திறனைப் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். ஈண்டுக் கருதத்தக்கது வேறொன்று. அவருடைய தந்தையார் இலண்டனை அடுத்த கிளாப்டனில் நாற்றுப்பண்ணை நடத்தியவர். மகனும் இளமையில் செடிகளைத் திரட்டுவதற்காகவே போர்னியோவுக்குச் சென்றவர். கினபாலு மலையின் உச்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஆகவே கோலகங்சாருக்கு வந்த கன்றுகள், செடி வளர்க்கும் குடும்பத்தில் பிறந்த ஒருவரின் கையை அடைந்தன. அரசு அலுவல்களுக்கிடையே மிளகு, காப்பி, தேயிலை முதலியவற்றையும் அவர் பயிரிட்டுப் பார்த்தார். ரப்பர்க் கன்றுகள் மரமாகிக் காய்த்தன. அவற்றின் விதைகள் பிற இடங்களுக்கும் பரவின.

அந்த 9 மரங்களுள் ஒன்று எனப் போற்றப்படும் முதுமரம், கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அவ்வழியே செல்வோர் அதை முதிர்ந்த ஒரு மரமாகவே காண்பர். ஒரு காலத்தில் அது விரலளவுத் தண்டும் சில இலைகளும் கொண்டு, ஒருநாள் நீர் தவறினாலும் வாடத்தக்க கன்றாக இருந்தது என்பதை மாணவர்க்கு நினைவூட்டுவது ஆசிரியர் கடமை.

நாற்றங்காலில் தமிழர் கை

மரம் வந்தும் தோட்டம் வர இருபது ஆண்டுகள் ஆயின. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைச் செப்பம் செய்தார். காண்போரிடமெல்லாம் ரப்பரைப் பயிரிடும்படி வற்புறுத்தியதால் அவரைப் பித்தர் என்றும் சிலர் நகையாடினர். 1896ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சே யான் வாணிக நோக்குடன் ரப்பரைப் பயிரிட்டார். காப்பியின் விலை வீழ்ந்ததும், மோட்டார் வண்டிகளுக்கு ரப்பர்ச் சக்கரம் தேவைப்பட்டதும் பிறரையும் அவ்வழியே திருப்பின. 1920ஆம் ஆண்டளவில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயா விளைவித்தது.

இப்பெருக்கத்துக்கு எத்தனை கன்றுகள் வேண்டியிருந்தன என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். ஏக்கருக்கு நூறு கன்றுகள் எனக் குறைத்துக் கொண்டாலும், ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் ஒன்றுக்கு ஓர் இலட்சம் கன்றுகள் வேண்டும். பட்டுப்போனவற்றுக்கு மாற்றும் வேண்டும். இவை கண்ணாடி வீட்டில் வளர்ந்தவை அல்ல. ஓடைக்கரைகளில் அமைந்த நாற்றங்கால்களில் வளர்ந்தவை. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகளின் வழியே வந்த தமிழர்களே பல தோட்டங்களில் அவ்வேலையைச் செய்தனர்.

அவ்வேலையின் முறை கருதத்தக்கது. ரப்பர்க் காய் முற்றியதும் ஓசையுடன் வெடித்து, மூன்று விதைகளைத் தொலைவில் எறியும். அவற்றை நாள் தவறாமல் பொறுக்க வேண்டும். பளபளப்புக் குன்றாத விதை புதியது. உடைத்தால் பருப்பு வெண்மையாக இருக்கும். மஞ்சளித்த பருப்பு பழமையைக் காட்டும். ஆற்று மணல் பரப்பிய பாத்தியில், தட்டையான பக்கம் கீழே இருக்குமாறு விதைகளை நெருக்கமாகப் பதிப்பர். மேலே ஓலைப் பந்தலிட்டு நிழல் தருவர். மணல் ஈரமாக இருக்க வேண்டும், நீர் தேங்கலாகாது. முளைவேர் வெளிப்பட்டதும் அது நீண்டு வளையுமுன் எடுத்து நாற்றங்காலில் நடுவர். காலந்தாழ்த்தி முளைப்பவற்றையும், வேர் முறுக்கியவற்றையும் கழித்துவிடுவர். தொடக்கத்தில் நலிந்த கன்று பிற்காலத்தில் நல்ல மரமாவது அரிது என்பது பட்டறிவு கற்பித்த பாடம். பின்னர் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கன்றை வெயிலுக்குப் பழக்குவர்.

நாற்று விடுதலும் பறித்து நடுதலும் காவிரிக் கரையிலும் தென்னார்க்காட்டிலும் உழவு செய்து வந்தவர்களுக்குப் புதியன அல்ல. மரம் புதிது, கை பழகிய கை. விக்காமுக்கு ஆங்கில அரசு 1920ஆம் ஆண்டில் சர் பட்டம் வழங்கியது. நாற்றங்காலில் குனிந்து களை பறித்த பெண்களின் பெயர்களைப் பட்டப் பட்டியல் எதிலும் காண இயலாது.

ஒட்டும் வித்தும்

விதையால் எழும் கன்று தாய்மரத்தை முற்றும் ஒத்திராது. பால் மிகுந்த மரத்தின் விதையிலிருந்து பால் குறைந்த மரமும் தோன்றும். இக்குறையை நீக்கும் பொருட்டு, 1916ஆம் ஆண்டையொட்டி டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் மொட்டு ஒட்டுமுறை உருவாயிற்று. நாற்றங்காலில் வளர்ந்த கன்றின் பட்டையைச் சன்னல்போல் திறந்து, சிறந்த மரத்தின் மொட்டினை அதனுள் பொருத்திக் கட்டுவர். ஒட்டியபின் மேற்றண்டை வெட்டிவிட்டால், கீழே ஒரு மரத்தின் வேரும் மேலே மற்றொரு மரத்தின் தண்டுமாக அது வளரும். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பல உயர்ந்த இனங்களைத் தந்தது. ஜாவாவின் இனம் ஒன்றையும் மலாயாவின் பெராங் புசார் தோட்டத்து இனம் ஒன்றையும் கலந்து அக்கழகம் உண்டாக்கிய 600ஆம் எண் இனம் பல நாடுகளில் பரவியது. அந்தப் பெராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நகரம் விளங்குகிறது.

ஒட்டுமுறை வந்தபின்னும் விதைக்கன்றின் தேவை ஒழியவில்லை என்பதை மறத்தலாகாது. ஒட்டுவதற்குரிய வேர்க்கன்று விதையிலிருந்தே வர வேண்டும். கீழ்க்கன்று நலிந்திருந்தால் மேல்மொட்டு எத்துணை உயர்ந்ததாயினும் பயனில்லை.

சில கன்றுகளிலிருந்தே எல்லாம் பெருகியதில் ஓர் இடரும் உண்டு. ஆசியத் தோட்டங்களின் ரப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவை விக்காமின் விதைகளின் வழிவந்தவை. அமேசான் பகுதியில் இலைக்கருகல் என்னும் கொடிய பூசண நோய் உண்டு. 1928ஆம் ஆண்டில் மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு, விக்காம் விதை எடுத்த அதே தப்பாசோஸ் கரையில் பெருந்தோட்டம் தொடங்கினார். அவருடைய முயற்சி தோற்றதற்கு இந்நோய் பெருங்காரணமாயிற்று. ஆசியாவில் அந்நோய் இதுவரை பரவவில்லை. பரவினால் ஒரே குலத்து மரங்கள் ஒருங்கே வீழக்கூடும். ஆகவே 1981ஆம் ஆண்டில் பன்னாட்டு ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் பிரேசில் காடுகளுக்கு மீண்டும் சென்று, பல்லாயிரம் விதைகளைப் புதிதாகத் திரட்டினர். அவற்றுள் ஒரு பகுதி மலேசியாவுக்கு வந்து கன்றுகளாயிற்று. நூறாண்டுக்குப் பின்னும் ஆராய்ச்சி விதையிடமே திரும்ப வேண்டியிருந்தது.

லயத்தின் பின்புறம்

தோட்டத்து நாற்றங்கால் துரையின் உடைமை. லயத்தின் பின்புறமிருந்த சிறு நிலத்திலோ தமிழ்க் குடும்பத்தின் சொந்த நாற்றங்கால் இருந்தது. கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, புடல், கீரை ஆகியவை அங்கே விளைந்தன. 1930ஆம் ஆண்டை அடுத்து ரப்பர் விலை வீழ்ந்து, தொழிலாளர் பலர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில், எஞ்சி நின்றவர்களின் உலையை அந்நிலம் தாங்கியது. 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கீரையுமே அப்போது உணவாயின.

அந்நிலத்தின் அறிவு தோட்ட நாற்றங்காலின் அறிவுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. செழித்த செடியின் நல்ல காயைப் பறிக்காமல் விதைக்கென முற்றவிடுவது இனத்தேர்வு. விதையைச் சாம்பலில் புரட்டி, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவது ஈரத்தையும் வண்டையும் விலக்கும் வழி. ஈரக்காற்று மிகுந்த இந்நாட்டில் இது மிகவும் இன்றியமையாதது. ஆனால் கறிவேப்பிலைப் பழத்தின் விதையை அவ்வாறு வைத்தல் ஆகாது. சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். அது ரப்பர் விதையின் இயல்பை உடையது. ராபர்ட்ஸ் வகுத்த பகுப்பு நூலேறுமுன்பே வீட்டு வழக்கில் இருந்தது என்பதற்கு இது சான்று.

வீட்டில் நாற்று விடுவோர் கொள்ளவேண்டிய நெறிகளும் பழைய நாற்றங்கால் காட்டியவையே. மணலும் மக்கிய எருவும் கலந்த பொலபொலப்பான மண் வேண்டும். பாத்திரம் எதுவாயினும் அடியில் துளை வேண்டும். விதையை அதன் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்துக்குமேல் புதைத்தலாகாது. நீரைக் காலையில் கையால் தெளிக்க வேண்டும்; ஊற்றினால் மண் இறுகும். எப்போதும் நனைந்திருக்கும் மண்ணில் பூசணம் பிடித்து, தண்டு அடியில் அழுகி நாற்று சாய்ந்துவிடும். கத்தரியும் மிளகாயும் இவ்வாறு சாய்வதைப் பலர் எறும்பின் குற்றமென்றோ விதையின் குற்றமென்றோ எண்ணுவர். உண்மையில் அது மிகுந்த நீரின் குற்றம். வெளிச்சம் போதாவிடில் நாற்று வெளிறி நெடுநெடுவென ஓடும். ஆதலால் முளைத்ததும் காலை வெயில் காட்ட வேண்டும். நெருக்கத்தைக் கலைத்து, நலிந்ததைக் களைய வேண்டும். நாலைந்து இலை விட்டபின், சில நாள் வெயிலுக்குப் பழக்கி, மாலை வேளையில் வேர்மண் உதிராமல் எடுத்து நட வேண்டும். வெண்டையும் அவரையும் இடம் மாறுவதை விரும்பா. அவற்றை நிலத்திலேயே ஊன்றுதல் நன்று.

இன்று பேராக்கில் அந்த லயங்கள் பல இல்லை. ரப்பர் இருந்த நிலங்களில் செம்பனை எழுந்தது. சில இடங்களில் வீடுகள் எழுந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளரையே நிலத்துக்கு உரியவராக்கும் நோக்குடன் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையிலுள்ள சுங்கை சிப்புட் அவருடைய ஊர். ஆயினும் தோட்டத்தை விட்டு நகர்ப்புற அடுக்குவீடுகளுக்குக் குடியேறிய குடும்பங்கள் பல. பெயர்ந்தவர்கள் பெட்டியையும் படுக்கையையும் கொண்டுசென்றனர். பின்புறத்து நிலத்தைக் கொண்டுசெல்ல இயலவில்லை. நிலம் போனபின் விதை எடுக்கும் பழக்கம் குறைந்தது. பழக்கம் குறைந்தபின் அதற்குரிய சொற்களும் மங்குகின்றன. தென்னம்பிள்ளை, பனைவடலி, நாற்றங்கால் என்னும் சொற்களைப் பாடநூலில் மட்டுமே காணும் தலைமுறை வளர்ந்து வருகிறது.

இதற்கு மாற்றுச் செய்யும் இடம் தமிழ்ப்பள்ளியே. பெரிய நிலம் தேவையில்லை. ஒரு மணற்பெட்டி போதும். சிறுதோட்டங்களில் ரப்பர்க் காய் வெடிக்கும் பருவத்தில், ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கையால் அறைந்து உடைத்து விளையாடுவதற்கென முன்னாட் பிள்ளைகள் பொறுக்கிய அதே விதைகளை மாணவர் பொறுக்கட்டும். அன்று விழுந்த விதைகளில் இருபதை ஈரமணலில் பதிக்கட்டும். இரண்டு மாதம் வெயிலில் உலர்ந்த இருபதை அதன் அருகே பதிக்கட்டும். நாள்தோறும் நீர் தெளித்து, முளைத்தவற்றை எண்ணிக் குறிக்கட்டும். எழுபதாயிரம் ஏன் இரண்டாயிரத்து எழுநூறு ஆயிற்று என்பதை அந்தப் பெட்டியே அவர்களுக்குக் கற்பிக்கும். முளைத்த கன்றுகளுக்கு மறுவாரமும் நீர் ஊற்ற வேண்டும் என்பதை நினைவில் வைக்கும் மாணவன், தன் பாட்டனும் பாட்டியும் இந்நாட்டில் செய்தது என்னவென்பதையும் அறிந்துகொள்வான்.